மஞ்சள் தொடாத வாழ்த்து

ஏலே கருப்பட்டி,

உன்னை இப்படிக் கூப்பிட்டு வெகுநாளாகிறது. வாயால் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆளில்லை, அதனால் எழுத்தில் கூப்பிடுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்று உனக்குத் தெரியும். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் அடுப்பில் வைத்த உலை கொதித்துவிடுகிறது. உனக்கென்று விலாசம் எதுவும் என்னிடம் இல்லாததால், சிலோன் வரைக்கும் போகிற பத்திரிகை ஒன்றுக்கு இதை அனுப்புகிறேன். அவர்கள் போட்டால் போடட்டும். படிக்கிறவர்கள் யாராக இருந்தாலும், கொழும்பிலோ மன்னாரிலோ தேயிலைத் தோட்டத்திலோ, இடது காதுக்குக் கீழே தீப்பட்ட தழும்போடு கறுத்து மெலிந்த ராமநாதபுரத்துக்காரன் ஒருவனைப் பார்த்தால், அவன் என் மகன், இதை அவன் கையில் கொடுங்கள். அவனுக்கு நன்றாகப் படிக்க வரும். இனிமேல் நான் அவனோடுதான் பேசுவேன்.

தை பிறந்துவிட்டதப்பா. இந்த வருஷம் நம் வீட்டிலிருந்து யாருக்கும் பொங்கல் வாழ்த்து போகவில்லை. அதற்கு என்ன பொருள் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் பக்கத்தில் சாவு விழுந்த வீடு அந்த வருஷம் பொங்கல் வைக்காது, வாழ்த்தும் போடாது. வருஷா வருஷம் வாழ்த்து போடுகிற வீட்டிலிருந்து ஒரு வருஷம் வரவில்லை என்றால், சொந்தக்காரர்கள் தபால்காரரைக் குறை சொல்லமாட்டார்கள். அங்கே யார் போய்விட்டார்கள் என்று விசாரிப்பார்கள். இந்த வருஷம் நம் வீட்டைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இத்தனை வருஷமும் நான் ஒருத்திதான் தெரியாததுபோல் இருந்தேன்.

வாழ்த்து போடுகிற பழக்கத்தை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நீ. நமக்கெல்லாம் அதுவரை பொங்கலென்றால் பானையும் கரும்பும் மாட்டுக்குக் கொம்பில் பூசுகிற காவியும்தான். நீ ராமநாதபுரத்தில் ஓர் அச்சாபீசில் தாள் வெட்டுகிற வேலைக்குப் போனாய். கல்யாணப் பத்திரிகை அடித்தபின் ஓரத்தில் வெட்டி எறிகிற கெட்டித்தாளைக் கட்டிக்கொண்டு வருவாய். அதை வைத்து என்ன செய்வதென்று உனக்கே தெரியாமல் பரணில் கிடந்தது. அந்த மார்கழியில் பனைமட்டையை நசுக்கி நாராக்கி, சுண்ணாம்பில் நீலம் கலந்து சுவருக்கு அடித்துக்கொண்டிருந்தோம். முதல் பூச்சு வெள்ளை ஈரமாய் நின்ற சுவரில் முருங்கை இணுக்கு ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. அதன் மேலேயே நீ மட்டையை உதறினாய். காய்ந்தபின் இணுக்கை எடுத்தால், சுற்றிலும் நீலப்பொட்டாய்த் தெறித்திருக்க, நடுவில் முருங்கையிலை அத்தனையும் வெள்ளையாய் நின்றது. நீ ஏணியை விட்டு இறங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கீழேயிருந்து, பொழுது போகுது, மிச்சச் சுவரை அடி என்று கத்தினேன்.

அன்றைக்கே தாளை எடுத்துவிட்டாய். அம்மிக்கு அடியில் இலையை வைத்துத் தட்டையாக்கி, கஞ்சித்தண்ணீரைத் தொட்டு அட்டையில் ஒட்டினாய். மைவில்லையைக் கரைத்தாய். வேப்பங்குச்சியின் நுனியை மென்று தும்பாக்கி, மையில் தொட்டு, உன் பெண்சாதி ராக்குவின் பேன்சீப்பில் தேய்த்தாய். மை பொடிப்பொடியாய்ப் பறந்து விழுந்தது. முதல் உதறலை மண்ணில்தான் உதற வேண்டும், தாளில் உதறினால் பெரிய சொட்டாக விழுந்து எல்லாம் கெடும் என்று பத்து அட்டையைக் கெடுத்தபின் கண்டுபிடித்தாய். நூலை மையில் நனைத்து மடித்த அட்டைக்குள் வளைத்து வைத்து, மேலே பலகையை வைத்து நான் அமுக்க, நீ வெடுக்கென்று நூலை இழுப்பாய். திறந்தால் சங்கு மாதிரி ஒன்று விழுந்திருக்கும். ஒருதரம் விழுந்தது மறுதரம் விழாது. வெண்டைக்காயை நறுக்கிக் காவியில் தொட்டுப் பூவாய்க் குத்தினது ராக்கு. அவள் இந்த வீட்டுக்கு வந்து அப்போதுதான் சில மாதம் ஆகியிருந்தது. என் தம்பி மகள்தான் என்றாலும் புதுப்பெண் கூச்சம் போகாமல் இருந்தவள், சீப்பைப் பறிகொடுத்த கோபத்தில் அன்றைக்கு வாயைத் திறந்தாள். "இது பொங்கல் வாழ்த்து இல்ல, பேன் வாழ்த்து" என்றாள். நீ தலையைத் தூக்காமல், "அதனால என்ன, வாங்குறவுக தலையச் சொறிஞ்சுக்கிட்டே படிக்கட்டும்" என்றாய். நான் சிரித்த சிரிப்பில் பலகை நழுவி ஓர் அட்டை வீணாய்ப் போனது.

வாழ்த்து எழுதி முடித்ததும் நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைக்க வேண்டும். நல்ல காரியத்துக்குப் போகிற எந்தத் தாளுக்கும் அது உண்டு. சாவுச் சேதிக்கு மூலையில் கரி தொடுகிறதுபோல இதற்கு மஞ்சள். ஆனால் அதைச் சுமங்கலிதான் தொட வேண்டும். உன் அய்யா போனபின் என் கைக்கு அந்த உரிமை இல்லை. அதனால் வாழ்த்துக்கு மஞ்சள் தொடுகிறது ராக்குவின் வேலையானது. மோதிர விரலால் தொட்டு, ஒவ்வோர் அட்டையையும் வெயிலில் சாய்த்து வைப்பாள். இதை நினைவில் வைத்துக்கொள், அப்பா. இதற்குமேல் நான் சொல்லப்போவது அவள் விரலைப் பற்றித்தான்.

நீ போனது எதற்காக என்று நான் உன்னைக் கேட்கவில்லை. மழை பொய்த்தது, மிளகாய்ச் செடி நின்ற இடத்திலேயே கருகியது, அச்சாபீசும் ஆளைக் குறைத்தது. கொழும்பில் கடைகளில் கணக்கெழுத ஆள் வேண்டும் என்றார்கள். முறையாகப் போவதற்குக் காகிதம் கிடைக்கவில்லை, தோணியில் போகிறேன் என்றாய். அந்தத் தோணி அக்கரை சேர்ந்தது என்று சிலர் சொன்னார்கள். வாடைக்காற்றில் கவிழ்ந்தது என்று சிலர் சொன்னார்கள். சேர்ந்தவன் என்று ஒருவனும் வந்து நிற்கவில்லை. கவிழ்ந்ததற்கு ஒரு பலகையும் கரை ஒதுங்கவில்லை. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி வரைக்கும் கரையில் கேட்டுக்கொண்டே நடந்தேன். அழுவதற்கும் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

அடுத்த மார்கழியில் ஊர் என் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பரணில் இருந்த தாளை இறக்கினேன். ராக்குவைக் கூப்பிட்டு, மைவில்லையைக் கரை என்றேன். நீ செய்த மாதிரியே செய்தோம். உன்னளவுக்குப் பொடியாகத் தெறிக்கவில்லை, ஆனாலும் இலை விழுந்தது. மஞ்சளை அரைத்து அவள் முன்னால் வைத்தேன். தொட்டாள். எல்லா வீட்டுக்கும் போட்டோம். இந்த வீட்டில் சாவு இல்லை என்று நான் ஊருக்குச் சொன்ன விதம் அது. அதற்கு அடுத்த வருஷமும் போட்டேன், அதற்கடுத்தும் போட்டேன். கொழும்புக்குச் சரக்கோடு போய்வருகிற கீழக்கரை மரைக்காயர் ஒருவர் கையில் ஓர் அட்டையைத் தனியாகக் கொடுத்துவிடுவேன். கடைகடையாகக் காட்டிக் கேளுங்கள், இதைப் பார்த்தால் அவனுக்குத் தெரியும் என்பேன். அவரும் நல்ல மனுஷன், காட்டிக்கொண்டுதான் இருந்தார். ஒரு வருஷம் அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து, தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஆத்தா, எடுத்துட்டுப் போக எனக்குச் சிரமமில்ல. கொண்டாந்து உங்க கையில திருப்பிக் குடுக்கத்தான் முடியல. இனி அல்லாவுக்கே வெளிச்சம்" என்றார். நான் அவருக்கு மோர் கொடுத்தேன். அடுத்த வருஷம் வேறு ஆளைத் தேடினேன்.

நான் ஏன் விடவில்லை என்று நீ கேட்கலாம். கிழக்கே ஓர் ஊரில், பர்மாவில் குண்டு விழுந்தபோது செத்தான் என்று நினைத்து ஒருவனுக்குக் கருமாதி செய்துவிட்டார்கள். அவன் காடும் மலையும் நடந்து பிறகு வந்து சேர்ந்தான். கருமாதி ஆனவனை வீட்டுக்குள் எப்படி ஏற்றுவது என்று வாசலில் நிறுத்தி, தண்ணீரை ஊற்றி, பச்சைப்பிள்ளைக்குப் போல் புதுசாய் ஒரு பேரை வைத்தார்கள். அதற்குள் அவன் பெண்சாதி வேறு வீட்டில் பிள்ளை பெற்றிருந்தாள். அவன் கடைசிவரை கண்மாய்க் காவலுக்கு இருந்தான், ஊருக்குள் படுக்க வரமாட்டான். அவனை நான் பார்த்திருக்கிறேன். உன்னை அப்படிக் கண்மாய்க்கரையில் உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் நான் யாரை உட்கார வைத்திருந்தேன் என்று பார்க்கவில்லை. கல்யாண வீடுகளில் ராக்குவை ஆலாத்தி எடுக்கப் பாதிப்பேர் கூப்பிட்டார்கள், பாதிப்பேர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பெண்ணைக் கூப்பிட்டார்கள். பூ வைத்தால், யாருக்கு வைக்கிறாள் என்பார்கள். வைக்காவிட்டால், அவளே முடிவு பண்ணிவிட்டாள் என்பார்கள். நம் சனத்தில் அறுத்துக்கட்டுகிற வழக்கம் உண்டு. தாலி இறங்கினவளை வேறு ஒருவனுக்குக் கட்டிக் கொடுப்பதில் யாருக்கும் குறையில்லை. புருஷன் உயிரோடு இருந்தால் துரும்பைக் கிள்ளிப் போட்டுக் கல்யாணத்தைத் தீர்த்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு அவன் ஊர் முன்னால் வந்து நிற்க வேண்டும். நிற்க நீ இல்லை. செத்தாய் என்று நான் சொல்லவும் இல்லை. கதவு இரண்டும் அவளுக்கு அடைத்துக் கிடந்தது. ஒன்றை நீ அடைத்தாய். மற்றதை நான் வருஷத்துக்கு ஒருமுறை அவள் விரலாலேயே அடைத்தேன்.

போன கோடையில் அவள் வாலிநோக்கத்துக்கு உப்பள வேலைக்குப் போனாள். இங்கே வேலை இல்லை, நான்தான் அனுப்பினேன். கூட நம் ஊர்ப் பெண்களும் போனார்கள். திரும்பி வந்தபோது கறுத்துப் போயிருந்தாள், ஆனால் தானாகப் பேசினாள். பாத்தியில் உப்பு பூக்கிறதைப் பற்றி, காற்று அடித்தால் கண்ணைத் திறக்க முடியாததைப் பற்றி எல்லாம் சொன்னாள். அடுப்படியில் ஏதோ நினைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சத்தத்துக்கு நான் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். இந்த வீட்டில் அது கேட்டு அத்தனை காலம் ஆகியிருந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அப்பா. பயம்தான் வந்தது.

மார்கழி பிறந்ததும் உன் மாமன் வந்தான். என் தம்பி என்னை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை, அது உனக்குத் தெரியும். வந்தவன் உட்காரவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டே நின்றான். வாலிநோக்கத்தில் அளத்துவேலை பார்க்கிறவன் ஒருவன், நம் சனம்தான், பெண்சாதியைப் பறிகொடுத்தவன், பிள்ளை இல்லை. ராக்குவைக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறான். நான் தம்பியைப் பேசவிடாமல் உன்னைப் பற்றியே பேசினேன். முந்தின வருஷம் மன்னாரில் யாரோ உன் சாடையில் ஒருவனைப் பார்த்தார்களாம் என்றேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, நீ அவனச் செத்தான்னு சொல்ல வேணாம். அத உன் வாயிலேருந்து நான் கேக்க மாட்டேன். இந்தப் பொங்கலுக்கு வாழ்த்து மட்டும் போடாம இரு. அது போதும். மத்தத ஊரு பாத்துக்கிரும்."

நான், "என் மகனுக்கு நானே கரி பூசவா?" என்று கேட்டேன்.

அவன், "அவன் உனக்கு மகன்னா இது எனக்கு மக" என்றான். வாசல்வரை போனவன் திரும்பி வந்து, என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவன் போன கோபத்தில் மறுநாளே தாளை எடுத்து வைத்தேன். எந்த வருஷமும் இல்லாத அளவுக்கு நிறைய வெட்டினேன். ராக்கு முருங்கை இணுக்கு ஒடித்து வந்தாள், கஞ்சியைத் தொட்டு ஒட்டினாள், குச்சியை மென்றாள், முதல் உதறலை மண்ணில் உதறினாள். இத்தனை வருஷத்தில் அவள் கை உன் கையைவிடத் தேறிவிட்டது. காலைச் சாமத்துப் பனிபோல் மை விழுகிறது. வேலை நடக்கும்போதே நான் கேட்டேன், அவன் எப்படிப்பட்ட ஆள் என்று. யார் என்று அவள் கேட்கவில்லை. குனிந்தபடியே சொன்னாள்: "பேசாத ஆளு. அளத்துல நின்னு எனக்கு உள்ளங்காலு புண்ணாப் போச்சு. மறுநாளு பாத்தி வரப்புல பனையோலைல மிதியடி தச்சு வச்சிருந்துச்சு. யாரு வச்சதுன்னு கேட்டா, அங்கன அந்தாளு மட்டும் திரும்பிப் பாக்காம உப்பை வாரிக்கிட்டு இருக்காரு." அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டு, நான் கேட்காமலே, "நான் சரின்னு சொன்னா ஒரு ஆளைக் கொன்னவளாவேன், அத்தே. அதனாலதான் நான் ஒண்ணும் சொல்லல" என்றாள்.

நான் இலைகளை உரித்து எடுத்தேன். அட்டைகளை முற்றத்தில் பரப்பி, காற்றுக்குப் பறக்காமல் கூழாங்கல் வைத்தோம். உச்சிப்பொழுது. அவள் மஞ்சளை இழைத்துக் கிண்ணத்தில் எடுத்துவந்து முதல் அட்டைக்கு முன்னால் உட்கார்ந்தாள். விரலைக் கிண்ணத்தில் தொட்டுவிட்டாள். தொட்ட விரல் அட்டைக்குப் போகவில்லை.

"அத்தே, நீங்க தொடுன்னா தொடுறேன். எல்லா வருசமும் தொட்டேன்ல. இந்தத் தடவ மட்டும் நீங்க வாயால ஒண்ணு சொல்லீருங்க. அவுக இருக்காகளா?"

அவள் என்னைக் குத்திக் கேட்கவில்லை. நான் இருக்கிறான் என்று சொல்லியிருந்தால், அவள் பாட்டுக்கு அத்தனை அட்டைக்கும் தொட்டிருப்பாள், அடுத்த வருஷமும் தொட்டிருப்பாள், அவள் தலை நரைத்து நான் போனபிறகும் தொட்டிருப்பாள். எனக்கு அது தெரிந்தது. வாயைத் திறந்தேன். இத்தனை வருஷம் ஊர் முழுக்கச் சொன்ன சொல் அந்த ஒரு பிள்ளை முகத்துக்கு முன்னால் வரவில்லை. இல்லை என்பதும் வரவில்லை. அவள் விரலில் மஞ்சள் காய்ந்துபோனது.

கடைசியில் நான் சொன்னது இதுதான்: "ஏத்தா, அந்த மஞ்சளை வீணாக்காத. மூஞ்சியில பூசிக் குளிச்சிட்டு வா. உங்க அய்யாவுக்குச் சொல்லிவிடணும்."

அவள் எழுந்திருக்கவில்லை. அட்டைகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்து உனக்காக அழுதாள். இத்தனை காலம் நான் அவளை உனக்காக அழக்கூட விட்டதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பங்குனியில் அவளுக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் உன் காரியம் முடிய வேண்டும். வருகிற தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகிறோம், நானும் உன் மாமனும். அவள் கழுத்திலிருந்து எடுப்பதையும் அங்கேயே கடலில் விடச் சொல்கிறார்கள். கல்யாணத்துக்கு அவள் என் வீட்டிலிருந்துதான் புறப்படுவாள் என்று சொல்லிவிட்டேன். மாமியாரா இருந்து மருமகளை அனுப்புகிறாயே என்று ஊரில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நான் அவளுக்கு அத்தை. அது நீ பிறப்பதற்கு முன்னாலேயே ஏற்பட்ட முறை, நீ போனதால் அறுந்துபோகாது.

நீ எங்கேயாவது இருந்தால், இதை உன் கையில் யாராவது கொடுத்தால், உனக்குச் சொல்லிவைக்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. கோபத்தோடு ரயில் ஏறாதே. வந்தால் நேராக ஊருக்குள் வராதே, பாம்பனில் இறங்கி ஆள் விட்டு எனக்குச் சொல்லி அனுப்பு. நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். வாலிநோக்கம் பக்கம் போகவே போகாதே. அவள் உன்னை விட்டுப் போகவில்லை, நான்தான் அனுப்பினேன். ஏதாவது கேட்பதென்றால் என்னைக் கேள். அங்கே உனக்கு ஒரு பெண்ணும் பிள்ளைகளும் இருந்தால், அதற்காக வெட்கப்பட்டுக்கொண்டு வராமல் இருந்திருந்தால், போடா பைத்தியக்காரா, அவர்களையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே. அந்தப் பிள்ளைகளுக்கு என்னைப் பற்றிச் சொல்லு. புதுப்பேர் வைத்துத்தான் உன்னை வீட்டில் ஏற்ற வேண்டும் என்று ஊரில் சொன்னால் நான் கேட்கமாட்டேன். நீயும் கேட்காதே.

இந்தப் பத்திரிகை அச்சாகி, கப்பலேறி, யாராவது பிரிப்பதற்குள் அமாவாசை போய்விடும். தெரிந்துதான் எழுதுகிறேன். ராமேஸ்வரத்துக் கடலில் இடுப்பளவு தண்ணீரில் என்னை நிறுத்தி, எள்ளையும் தண்ணீரையும் கையில் விட்டு, யாருக்கு என்று கேட்பார்கள். என் மகனுக்கு என்று நான் சொல்ல வேண்டும். எனக்கு நேர் எதிரே, கண்ணுக்கு எட்டாத அந்தக் கரையில், அதே தண்ணீரில் நீ கால் நனைத்து நின்றுகொண்டிருந்தால், உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எள்ளுத்தண்ணி இறைத்த என்னை, அதற்குப் பிறகும் நீ ஆத்தா என்றுதான் கூப்பிடுவாயா?